உரைகல்லும் உரிமைச் சீட்டும்

புதுச்சேரியிலிருந்து தெற்கே கடலூர்ச் சாலையில் சென்று, ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் வருவது அரியாங்குப்பம். அதுவே நான் வளர்ந்த ஊர். எங்கள் தெருவின் கோடியில் ஒரு பத்தர் இருந்தார். வீட்டுத் திண்ணையே அவருடைய பட்டறை. உமியோடு, ஊதுகுழல், மூசை, கம்பியச்சு, கொறடு, சின்னஞ்சிறு தராசு, கறுத்த உரைகல் ஆகியவையே அவருடைய ஆஸ்தி. இவற்றோடு சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதமும் தொங்கியது. அதற்கு அவர் தினந்தோறும் பூச்சூட்டுவார். சிறுவனாகிய நான் அதை ஏதோ ஒரு சாமி படம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பிறகுதான், அவர் பொன்வேலை செய்யலாம் என்று அரசாங்கம் அளித்த சான்றிதழ் அது என்று தெரிந்தது.

தந்தையிடமும் பாட்டனிடமும் தொழில் கற்ற ஒருவருக்கு, அத்தொழிலைச் செய்ய ஏன் ஒரு காகிதம் வேண்டும்? மாணவ நண்பர்களே, இந்தக் கேள்வியோடு உங்களைச் சற்றுப் பழங்காலத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஓர் அரசு ஒரு தொழிலை ஒழுங்குபடுத்த முற்படும்போது இரண்டு வழிகள் உண்டு. செய்யப்பட்ட பொருளை எடுத்துச் சோதிப்பது ஒன்று. செய்கிற ஆளைக் கண்காணிப்பது மற்றொன்று. இவ்விரண்டில் எதை அரசுகள் மேற்கொண்டன, அதனால் விளைந்தது என்ன என்பதைப் பொற்கொல்லரின் வரலாற்றைக் கொண்டே பார்ப்போம்.

எங்கள் ஊரின் எல்லையிலேயே தொடங்கலாம். அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் காக்காயந்தோப்பை அடுத்து இருக்கிறது அரிக்கமேடு. 1945-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்பொருள் துறைத் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர், அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்த இடத்தை அகழ்ந்து ஆராய்ந்தார். இத்தாலியில் செய்த மட்கலங்களும், மது நிறைத்து வந்த சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளுஸ்' என்ற கடற்பயண நூலில் 'பொதுகே' என்று குறிக்கப்படும் துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலரின் கொள்கை. கண்ணாடியிலும் வண்ணக் கற்களிலும் மணிகள் செய்த கைவினைஞர் இங்கே வாழ்ந்தனர் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. அக்காலத்தில் ரோமானியப் பொன் கப்பலேறித் தமிழகம் வந்தது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை இந்தியா ஈர்த்துக்கொள்கிறதே என்று ரோமானிய அறிஞர் பிளினி வருந்தி எழுதினார். பொன் எல்லை கடந்து செல்வதைப் பற்றிய அரசியல் கவலை அத்தனை பழமையானது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே கவலை வேறு உருவில் வரும்.

தமிழிலக்கியத்தில் யாவரும் அறிந்த பொற்கொல்லன், சிலப்பதிகாரத்தில் வருகிறவன். அவன் தெருவோரத்துத் தட்டான் அல்லன். பாண்டியன் அரண்மனைக்கு வேலை செய்தவன். அரசனுடைய நம்பிக்கைக்கு உரியவன். இக்காலச் சொல்லில் கூறினால், அரசின் உரிமைச் சீட்டைப் பெற்றவன். அரசியின் சிலம்பைக் களவாடிய அவன், அக்குற்றத்தைக் கோவலன்மேல் சுமத்தினான். அரசன் அந்த ஆளை நம்பினான், சிலம்பைச் சோதிக்கவில்லை. பின்னர்க் கண்ணகி வந்து தன் சிலம்பை உடைத்துக் காட்டியபோது உள்ளே இருந்தவை மாணிக்கங்கள். அரசியின் சிலம்பிலோ முத்துக்கள். பரலைப் பார்த்திருந்தால் அரை நாழிகையில் தெளிந்திருக்கக்கூடிய உண்மை, ஓர் உயிர் போன பிறகே வெளிப்பட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. பின் வந்த வெற்றிவேற் செழியன் என்ற பாண்டியன், பத்தினியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று காப்பியத்தைச் சார்ந்த உரைநடைப் பகுதி கூறுகிறது. இது நடந்த செய்தியோ, புனைந்துரையோ, அந்த ஆராய்ச்சி இங்கு வேண்டுவதில்லை. குற்றம் செய்தவன் ஒருவன். தண்டம் பெற்றதோ ஒரு தொழிலினர் முழுவதும். முதலில் ஆளை அளவுக்கு மீறி நம்பியதும், பிறகு அத்தொழிலினர் அனைவரையும் வெறுத்ததும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிற்க. வடமொழியில் உள்ள கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் பொன்வேலைக்கென்றே தனி அதிகாரிகளை ஏற்படுத்தச் சொல்கிறது. அரசாங்கப் பொற்கூடத்துக்கு ஒரே வாயில்தான் இருக்கவேண்டும். வேலைக்காரர் உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் ஆடையும் உடலும் சோதிக்கப்படவேண்டும் என்பது அதன் விதி. பொன்னைத் திருடும் தந்திரங்களும் அதில் ஒவ்வொன்றாக விவரிக்கப்படுகின்றன. கைவினைஞன்மேல் அரசுக்கு இருந்த ஐயம் இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. இன்ன குற்றத்துக்கு இன்ன தண்டம் என்று அந்நூல் செயலைச் சுட்டியே சொல்கிறது.

நம் சோழர் காலத்திலோ, பொருளை அளக்கும் முறை வியக்கத்தக்க அளவில் வளர்ந்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த பொன்னணிகளின் நிறை கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது. 'ஆடவல்லான்' என்ற பெயருடைய எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. 2 குன்றி ஒரு மஞ்சாடி. ஒரு குன்றிமணி அளவுப் பொன்னுக்கும் கணக்கு இருந்தது. அக்கணக்கைக் கோயிலுக்கு வரும் எவரும் சுவரில் படிக்கவும் கூடியதாக இருந்தது.

ஆனால் அதே தமிழகத்தில், ஆளை அளந்த கதையும் உண்டு. கரூர்க் கோயிலிலுள்ள கொங்கு நாட்டு அரசாணை ஒன்று, அப்பகுதிக் கம்மாளருக்குச் சில உரிமைகளை வழங்குகிறது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம். வெளியே போகும்போது செருப்பு அணியலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். இவற்றை அரசன் அனுமதித்தான் என்றால், அதுவரை அனுமதி இல்லை என்பதுதானே பொருள்? ஊருக்கெல்லாம் அணிகலன் செய்து கொடுத்தவன் தன் காலுக்குச் செருப்பு அணிய அரசாணை பெற வேண்டியிருந்தது. அந்த ஆணையில் அவன் வேலையின் தரத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

இனி நம் புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர் தம் தாயகத்தில் செய்ததைப் பார்ப்போம். பிரான்சில் பல நூற்றாண்டுகளாகத் தொழிற்சங்கங்கள் கோலோச்சின. அவற்றில் சேராதவன் நகரத்தில் ரொட்டி சுடவோ, தையல் தைக்கவோ, பொன்வேலை செய்யவோ முடியாது. 1776-இல் அமைச்சர் துர்கோ அவற்றை ஒழிக்க முயன்றார். சில மாதங்களிலேயே அம்முயற்சி தோல்வியுற்றது. புரட்சிக்குப் பின் 1791 மார்ச்சு மாதத்தில் இயற்றிய சட்டமே அவற்றை ஒழித்தது. 'பதாந்த்' என்ற தொழில் வரிச் சீட்டைப் பெற்றுக்கொண்டால், எவரும் எத்தொழிலும் செய்யலாம் என்று அச்சட்டம் கூறியது. பிறப்போ, சங்கத்தின் தயவோ இனித் தேவை இல்லை.

அப்படித் தொழிற்கதவுகளைத் திறந்துவிட்ட பிரெஞ்சுக்காரர், பொன் வெள்ளி விஷயத்தில் சோதனையைக் கைவிட்டுவிடவில்லை. 1797 நவம்பர் மாதத்தில் வேறொரு சட்டம் செய்தார்கள். பொன்னுக்கு ஆயிரத்தில் 920, 840, 750 என்று மூன்று தரங்களை நிறுவினார்கள். செய்தவனின் முத்திரை, தரத்தின் முத்திரை, சோதித்த அலுவலகத்தின் முத்திரை ஆகியவை பொருள்மேல் பதிய வேண்டும். இங்கே தொழிலாளிக்குச் சுதந்திரம், பொருளுக்குச் சோதனை. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. இங்கிலாந்திலும் 1300-ஆம் ஆண்டிலிருந்தே பொன் வெள்ளிப் பொருள்களுக்குச் சிறுத்தைத் தலை முத்திரை குத்தும் வழக்கம் இருந்தது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். இந்தியா விடுதலை பெற்ற பின்னும் புதுச்சேரி சில ஆண்டுகள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இரு பகுதிகளுக்கும் இடையே இருந்த சுங்க உடன்பாடு 1949-இல் முடிவுற்றது. இந்தியச் சுங்கத்துக்கு உட்படாமல் புதுச்சேரித் துறைமுகத்தில் இறங்கிய பொன்னும் பிற பண்டங்களும் எல்லை கடந்து கள்ளத்தனமாகச் சென்றன. எல்லை என்றால் மலையா, கடலா? ஒரு வயலின் வரப்பு இங்கே பிரெஞ்சு, அங்கே இந்தியா என்ற நிலை. ஆகவே கள்ளப்பொன் என்பது இல்லாத பூதம் என்று நான் சொல்லமாட்டேன். 1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் நிறைவேறியது.

அதே 1962-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சீனப் படையெடுப்பு நேர்ந்தது. நாட்டில் அந்நியச் செலாவணி மிகக் குறைவு. வெளிநாட்டு விலைக்கும் உள்நாட்டு விலைக்கும் இருந்த பெரும் வேறுபாட்டால் கடல்வழியே கள்ளப்பொன் வந்துகொண்டிருந்தது. அதற்கு ஈடாக நாட்டின் செல்வம் வெளியேறியது. பிளினியின் கவலை இப்போது தில்லிக்கு வந்துவிட்டது. 1963 ஜனவரி 9-ஆம் நாள், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாயின் காலத்தில், பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பொன் கட்டுப்பாட்டு விதிகள் வெளியாயின. புதுச்சேரி இணைந்து ஐந்து மாதங்கூட நிறையவில்லை.

அவ்விதிகளுள் தலையாயது, 14 காரட்டுக்கு மேற்பட்ட பொன்னில் புதிய நகை செய்யக்கூடாது என்பது. 24 காரட் என்றால் கலப்பற்ற பொன். நம் நாட்டில் வழங்கிய 22 காரட்டில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைப் பங்குக்குமேல் பொன் இருக்கும். 14 காரட்டிலோ ஐம்பத்தெட்டுப் பங்கே பொன். எஞ்சியது செம்பு முதலிய பிற உலோகம். நிறம் வேறு, கடினம் மிகுதி. மெல்லிய பொன்னைக் கம்பியாக இழுத்தும் தகடாக அடித்தும் பழகிய கைகளுக்கு அது புதிய உலோகம் போலவே இருந்தது. வாங்குவோரும் இல்லை. மகளின் கழுத்தில் செம்பு கலந்த தாலியைக் கட்டுவதா என்று கேட்ட தாய்மார்களை எந்த விதி மாற்றும்?

நாடெங்கும் இலட்சக்கணக்கான பொற்கொல்லர் வேலை இழந்தனர். வறுமை தாளாமல் சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட துயரச் செய்திகள் நாடாளுமன்றத்திலும் எழுப்பப்பட்டன. கடன் உதவியும் மாற்றுத் தொழிலும் தருவதாக அரசாங்கம் கூறியது. ஆனால் நாற்பது வயதில் ஒருவன் தன் விரல்களுக்கு வேறு தொழிலைக் கற்றுக் கொடுப்பது எளிதா? கடலில் பொன் கடத்தியவன் ஒருவன். திண்ணையில் உமியோடு அணைந்து உட்கார்ந்தவன் வேறொருவன். வெற்றிவேற் செழியன் கதை என் நினைவுக்கு வருவது இந்த இடத்தில்தான். எதிர்ப்பு வலுக்கவே, அதே ஆண்டு செப்டம்பரில், பழைய நகையை அதன் மாற்றுக் குறையாமல் புதுப்பித்துக் கொடுக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. 14 காரட் கட்டுப்பாடே 1966-இல் நீங்கியது.

ஆனால் கட்டுப்பாடு முழுவதும் நீங்கிவிடவில்லை. 1968-இல் நிலையான பொன் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வணிகனுக்கு உரிமைச் சீட்டு வேண்டும். தனித்து வேலை செய்யும் பொற்கொல்லனுக்குச் சான்றிதழ் வேண்டும். உருக்கிய பொன்னைப் பொதுமக்கள் வைத்திருக்கலாகாது. பொற்கொல்லன் தன்னிடம் வந்த பொன்னுக்கெல்லாம் கணக்கு எழுத வேண்டும். எங்கள் பத்தர் வீட்டுச் சுவரில் இருந்த காகிதம் இந்தச் சட்டத்தின் குழந்தை.

அந்தக் கணக்கை எழுதியவன் நான். பத்தருக்குத் தராசின் மொழி தெரியும். எழுத்தின் மொழி அவ்வளவாகத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் சொல்லச் சொல்ல நான் பேரேட்டில் எழுதுவேன். ஒரு தை மாதத்தில் முகூர்த்த வேலை மிகுந்திருந்தது. விளையாடப் போகும் அவசரத்தில், ஒரு வளையலின் நிறையை எழுதும்போது இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டேன். சில நாளில் சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். ஏட்டில் ஒரு நிறை. தராசில் வேறொரு நிறை. பொன் சொக்கத் தங்கம், வேலை மாசற்றது, கொடுத்தவரே வந்து தம் வளையல்தான் என்று சாட்சி சொன்னார். ஆயினும் கணக்குப் பிசகு கணக்குப் பிசகுதான். விசாரணைக்காக அவர் நகரத்துக்கு எத்தனையோ முறை நடந்தார். அந்த முகூர்த்தப் பருவம் முழுவதும் பட்டறையில் புகை எழவில்லை. பிழை என்னுடையது என்று அழுதுகொண்டே அவரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “விடு தம்பி. கல்லு பொய் சொல்லாது, நோட்டுதான் சொல்லும்” என்றார். அந்த அதிகாரியை நான் குறை கூறவில்லை. அவர் தம் கடமையைச் செய்தார். ஏட்டைப் பார்ப்பதே அவருக்கு இட்ட கடமை. உரைகல்லைப் பார்ப்பது அன்று.

இச்சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கில் 1969-இல் தீர்ப்பு வந்தது. மாணவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். நம் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு, எத்தொழிலையும் செய்யும் உரிமையைக் குடிமகனுக்கு அளிக்கிறது. பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும், ஒரு தொழிலுக்குத் தேவையான தொழில்முறை அல்லது தொழில்நுட்பத் தகுதியை வகுக்கவும் அரசுக்கு அதே பிரிவு இடமளிக்கிறது. நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்டது. ஆனால் சில பிரிவுகளைச் செல்லாதென்று தள்ளியது. அவற்றுள் ஒன்று, உரிமைச் சீட்டு வழங்கும்போது விண்ணப்பம் செய்தவரின் பொருத்தம், பொதுநலன் முதலியவற்றை அதிகாரி கருத வேண்டும் என்பது. பொருத்தம் என்றால் என்ன, அதை எந்த அளவுகோலால் அளப்பது என்று சட்டம் சொல்லவில்லை. அளவுகோல் இல்லாத அதிகாரம் நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். எடைக்கல் இல்லாத தராசைக் கொண்டு நிறுக்கலாகாது என்று பத்தர் பாஷையில் சொல்லலாம்.

கள்ளக் கடத்தலையும் இச்சட்டம் ஒழித்துவிடவில்லை. 1990 ஜூன் மாதத்தில் சட்டமே நீக்கப்பட்டது. அப்போது எங்கள் பத்தர் முதியவர். சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றி, காகிதத்தை எடுத்துவிட்டு, அதில் தம் தந்தையாரின் படத்தை வைத்தார்.

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா? வேண்டும் என்பதே என் கருத்து. கட்டுப்பாடு நீங்கியதால் வாங்குவோரின் அச்சம் நீங்கிவிடவில்லை. 22 காரட் என்று விலை வாங்கிக்கொண்டு குறைந்த மாற்றில் நகை கொடுத்தவர்களும் உண்டு. ஆகவே 2000-ஆம் ஆண்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் பொன் நகைக்குத் தர முத்திரை வழங்கத் தொடங்கியது. 2021 ஜூன் 16 முதல் அது படிப்படியாகப் பல மாவட்டங்களில் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் முதல், முத்திரைக்கு உட்பட்ட நகை ஒவ்வொன்றிலும் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளம் பதியவேண்டும் என்ற விதி வந்தது. இங்கே சோதிக்கப்படுவது நகை. விற்கும் கடைக்காரர் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் திண்ணையில் அமர்ந்து நகை செய்கிறவர் தம் தொழிலைச் செய்யச் சான்றிதழைச் சுவரில் மாட்ட வேண்டியதில்லை. 1963-இல் கட்டாயப்படுத்தியபோது எவரும் விரும்பாத அதே 14 காரட், இன்று முத்திரை பெறும் தரங்களுள் ஒன்றாக, விரும்பியவர் வாங்கும் பொருளாக இருக்கிறது.

இதிலும் ஒரு குறை எனக்குத் தெரிகிறது. அந்த ஆறு குறிகளுக்குள் செய்த கையின் பெயர் இல்லை. பழைய பிரெஞ்சுச் சட்டத்தில் செய்தவனின் முத்திரைக்கும் இடம் இருந்தது. நம் கைவினைஞனுக்கு அத்தகைய பெருமை கிடைக்க வேண்டும் என்பது என் அவா.

நண்பர்களே, எல்லாத் தொழிலிலும் பொருளைச் சோதித்தால் போதும் என்று நான் வாதிக்கவில்லை. மருத்துவரின் பிழையை உரைகல்லில் தேய்த்துப் பார்க்க முடியாது. பிழை தெரியும்போது நோயாளி இருக்கமாட்டார். ஆகவே மருத்துவருக்கும், மருந்து கொடுப்பவருக்கும், மின்சாரக் கம்பி அமைப்பவருக்கும் முன்கூட்டியே தேர்வும் உரிமைச் சீட்டும் வேண்டும். அச்சீட்டு அவர்களுடைய திறமைக்குச் சாட்சி. ஆனால் திறமையைக் கேளாமல், ஐயத்தையே அடிப்படையாகக் கொண்டு கொடுக்கும் சீட்டு, தொழிலாளியின் கழுத்தில் கட்டிய கயிறாகிவிடும்.

நாளை உங்களில் சிலர் சட்டம் இயற்றுவீர்கள். சிலர் அதிகாரிகளாகச் சோதனைக்குச் செல்வீர்கள். பலர் ஏதேனும் ஒரு சீட்டுக்காக வரிசையில் நிற்பீர்கள். அப்போது, இந்தச் சீட்டு எதை அளக்கிறது என்று ஒரு கணம் கேட்டுப் பாருங்கள். எங்கள் பத்தர் மறைந்துவிட்டார். அவருடைய உரைகல்லை அவர் மகன் எனக்குக் கொடுத்தார். என் மேசைமேல் இருக்கும் அந்தக் கறுத்த கல்லில், எந்தக் காலத்திலோ தேய்த்த மஞ்சள் கோடு ஒன்று இன்னும் தெரிகிறது.